ஐந்தின் மேல் ஒரு புள்ளி

என் தகரப் பெட்டியில் 31 இன்லண்ட் லெட்டர்கள் இருக்கின்றன. 1972-லிருந்து 1982 வரை விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அம்மா எனக்குப் போட்டவை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுப் பையன் எழுதுவான். அவன் படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு அவன் தம்பி எழுதினான். கடிதம் விடுதிக்கு வந்ததும் வார்டன் அம்மா பிரிப்பார். சாப்பாட்டுக் கூடத்தில் என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்வார். எல்லாப் பிள்ளைகளும் தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருக்க, என் அம்மாவின் கடிதத்தை உரக்க வாசிப்பார். அவர் நல்லவர்தான். அறுபது பிள்ளைகளுக்கு அவர் ஒருவர். ஒவ்வொருத்தியையும் தனியே கூப்பிட்டு உட்காரவைத்து வாசிக்க அவருக்கு ஏது நேரம்? ஆனாலும் அம்மாவுக்கும் எனக்கும் நடுவே எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள். எழுதிய கை ஒன்று, வாசித்த கண் ஒன்று.

இப்போது பஸ்ஸில் நான் போனைக் காதோடு வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தால், பக்கத்து சீட்டில் இருப்பவர்கள், "எவ்வளவு வசதி வந்துருச்சு பாருங்கம்மா" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் வசதி என்ற சொல் எனக்குப் போதவில்லை. பேசுவதற்கும் கேட்பதற்கும் எங்களுக்கு என்றைக்கும் தடை இருந்ததில்லை. தனக்கு வந்ததைத் தானே, தனியாகப் படிக்கத்தான் முடியாமல் இருந்தது. அந்த ஒன்று எங்கள் கைக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாள் நினைப்பு. அதில் பாதி என் கண் முன்னே, மன்னிக்கவும், என் விரல் முன்னே நடந்தது.

நான்கு வயதில் மணல்வாரி கண்டு எனக்குப் பார்வை போனது. உடம்பில் சத்து இல்லாத பிள்ளைக்கு அந்த அம்மை வந்தால், இருக்கிற வைட்டமின் ஏ-யும் தீர்ந்து கருவிழி வெந்துவிடும். எங்கள் விடுதியில் அப்படி வந்த பிள்ளைகள் நிறையப் பேர். கரிசல் காட்டுக் குடும்பங்கள். மழை பொய்த்த வருடங்கள்.

விடுதிக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. முதல் வாரத்திலேயே ஸ்லேட்டையும் ஸ்டைலஸையும் கையில் கொடுத்தார்கள். ஸ்லேட் என்றால் கட்டம் கட்டமாக ஓட்டை போட்ட சட்டம். ஸ்டைலஸ், மரக் குமிழ் வைத்த ஊசி. தாளைச் சட்டத்தில் மாட்டி வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். பிறகு தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேலெழும்பி, இடமிருந்து வலமாகப் படிக்கலாம். தடித்த தாளுக்குப் பஞ்சம். பழைய காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகை, எது கிடைத்தாலும் எங்களுக்கு அது நோட்டுதான்.

ஆறு புள்ளி எழுத்தைப் பாரிஸில் லூயி பிரெய்ல் 1829-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 20. அதற்கு முன்னால் ஷார்ல் பார்பியே என்ற ராணுவ அதிகாரி, இருட்டில் விளக்கில்லாமல் படிப்பதற்கு என்று 12 புள்ளி எழுத்து ஒன்றைச் செய்திருந்தார். அவர் கண் உள்ளவர். ஒரு விரல் நுனிக்குள் 12 புள்ளி அடங்காது. எழுத்தின் அடியைத் தேடி விரலை மேலும் கீழும் ஓட்ட வேண்டியிருக்கும். அது கண்ணால் பார்த்தால் புலப்படாது, தடவிப் படிப்பவனுக்குத்தான் தெரியும். பிரெய்ல் மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி குத்திக் கண்ணை இழந்தவர். அவர் புள்ளிகளை ஆறாகக் குறைத்தார். விரல் ஓரிடத்தில் நின்றால் போதும், எழுத்து முழுதும் அதன் அடியில் வந்துவிடும்.

நம் நாட்டில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான முதல் பள்ளி 1887-இல் அமிர்தசரஸில் வந்தது. மூன்றே வருடத்தில், 1890-இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் ஒரு பள்ளி தொடங்கினார். எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். எங்கள் பக்கத்தில், வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்றால், "பாளையங்கோட்டைக்கு அனுப்புங்க" என்பது எழுதப்படிக்கத் தெரியாத கிழவிகளும் சொல்லும் வார்த்தையாக இருந்தது. அந்த நாளில் இந்திய மொழிகளுக்குப் பல விதமான பிரெய்ல் முறைகள் புழங்கின. ஒரு பகுதியில் அச்சடித்த புத்தகம் இன்னொரு பகுதிப் பிள்ளைக்குப் புரியாது. யுனெஸ்கோ இதில் இறங்கியது. 1951-இல் பெய்ரூட்டில் கூடிப் பேசினார்கள். பாரதி பிரெய்ல் என்று எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவான முறை அந்த ஆண்டில் நிலைபெற்றது. யுனெஸ்கோவில் அந்த வேலையை முன்நின்று நடத்தியவர் சர் க்ளூதா மெக்கன்சி, நியூசிலாந்துக்காரர். முதல் உலகப் போரில் கலிப்போலிச் சண்டையில் பார்வை இழந்தவர்.

பாரதி பிரெய்லில் நம் 'க'வுக்கும் ஆங்கிலத்து 'கே'வுக்கும் ஒரே புள்ளிகள்: ஒன்றும் மூன்றும். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அச்சில் 'கெ' என்று எழுதினால் கொம்பு முன்னால் வருகிறது, வாயில் அது பின்னால் ஒலிக்கிறது. பிரெய்லில் 'க' முதலில், 'எ' பிறகு; வாய் சொல்கிற வரிசையிலேயே விரலும் படிக்கிறது. அக்கா ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று பலகையில் திணறிக்கொண்டிருந்த வயதில் நான் தடுமாற்றமில்லாமல் படித்தேன். அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்கிறது.

இன்னொரு சந்தோஷமும் இருந்தது. லீவில் தோழிகள் எழுதும் புள்ளிக் கடிதத்தை வார்டன் அம்மாவால் படிக்க முடியாது. என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த முதல் ரகசியங்கள் காலண்டர் அட்டையில் குத்தப்பட்டவை. ஆனால் புள்ளி தெரிந்தவருக்கும் புள்ளி தெரிந்தவருக்கும் இடையில் மட்டும்தான் அது செல்லும். அம்மாவின் கடிதம் நீல மையில் வந்தது. பேங்க் கடிதம், கோர்ட் கடிதம், நாளிதழ், மருந்துச் சீட்டு, எல்லாமே மையில்தான் வந்தன. கல்லூரியில் பாடப் புத்தகத்தைத் தோழிகள் கேசட்டில் வாசித்துக் கொடுத்தார்கள். பரீட்சைக்கு நான் சொல்ல இன்னொருத்தி எழுதினாள். அவள் எழுதிய எழுத்துப்பிழைக்கு எனக்கு மார்க் போனது.

1977-இல் மத்திய அரசு, கீழ்நிலைப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 சதவீதம் ஒதுக்கியது. அதில் 1 சதவீதம் எங்களுக்கு. அந்தக் கதவு வழியாக எங்களில் ஏராளமானோர் போய் உட்கார்ந்த நாற்காலி டெலிபோன் ஆப்பரேட்டர் நாற்காலி. நானும் 1988-இல் மதுரையில் ஒரு வங்கியில் அப்படித்தான் உட்கார்ந்தேன். பலகையில் எந்த விளக்கு எரிகிறது என்று எனக்குத் தெரியாது. பேனா மாதிரி ஒரு கருவி கொடுத்திருந்தார்கள்; எரியும் விளக்கின் மேல் வைத்தால் கீச்சென்று சத்தம் போடும். வரிசையாகத் தடவிக்கொண்டே போய்க் கீச்சென்ற இடத்தில் ஒயரைச் சொருகுவேன். பழகிய பிறகு, ஒயரை எடுக்கும்போதே எந்தக் கிளைக்கு என்று கை அறிந்துவிடும். நூற்றுக்கணக்கான எண்கள் மனப்பாடம்.

சுழற்றும் டயலில் ஓட்டைகளை விரலால் எண்ணிப் போட வேண்டும். பட்டன் போன் வந்தபோது வேலை எளிதானது. அதற்குக் காரணம், ஐந்தாம் எண் பட்டனின் மேல் இருந்த ஒரு சின்னப் புள்ளி. உங்கள் வீட்டில் பழைய பட்டன் போன் இருந்தால் தடவிப் பாருங்கள். கடுகில் பாதிதான் இருக்கும். நடுவிரல் அந்தப் புள்ளியில் நின்றுவிட்டால் மேலே இரண்டு, கீழே எட்டு, இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் ஆறு. ஒன்பது பட்டனும் கைக்குள் வந்துவிடும். கண் உள்ளவர்கள் பல வருடம் புழங்கியும் அதைக் கவனித்ததில்லை என்கிறார்கள். நான் அந்தப் புள்ளியை வைத்து முப்பது வருடம் சோறு சாப்பிட்டேன்.

கணினி வந்தது. டெட் ஹென்டர் என்ற மோட்டார் சைக்கிள் பந்தய வீரர், 1978-இல் விபத்தில் பார்வை இழந்த பிறகு கணினி படித்து, திரையில் இருப்பதை வாசிக்கும் ஜாஸ் என்ற மென்பொருளை 1989-இல் கொண்டுவந்தார். நல்ல கருவி. விலை எங்களால் நினைத்துப் பார்க்க முடியாதது. அலுவலகம் வாங்கிக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்த நிலையை மாற்றியவர்கள் ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர், மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே. சிறுவர்களாக ஒரு இசை முகாமில் சந்தித்தவர்கள், இருவரும் பார்வையற்றவர்கள். கண் உள்ளவன் கணினி வாங்கினால் திரைக்குத் தனியாகக் காசு கேட்பதில்லையே, எங்களிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வாதம். 2006-இல் என்விடிஏ என்ற திரை வாசிக்கும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டார்கள். அதோடு ஈஸ்பீக் என்ற குரலும் வந்தது. ஜோனதன் டடிங்டன் செய்தது, அதுவும் இலவசம். அதற்குள் தமிழும் இருந்தது. இந்த மூன்று பேரின் பெயரும் தமிழ்நாட்டில் பார்வையற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் அவர்கள் போட்ட சோற்றில் படித்தவர்கள்.

தமிழ் இருந்தது என்றேனே தவிர, அது எங்களுக்குக் கிடைக்க நாளாயிற்று. ஒரு நாள் தமிழில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. ஆவலாகத் திறந்தேன். குரல் சொன்னது: "ஜே கே பி ஓ செமிகோலன்." திரும்பவும் கேட்டேன். ஜே கே பி ஓ செமிகோலன். பக்கத்து மேஜை சாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "'தமிழ்'னு இருக்கு மேடம்" என்றார். பாமினி எழுத்துருவில் அடித்தது. அதில் 'த' என்று திரையில் தெரிவது கணினிக்கு 'ஜே', 'ம' தெரியும் இடத்தில் 'கே', இகரக் கொக்கிக்கு 'பி', 'ழ'வுக்கு 'ஓ', மெய்ப்புள்ளிக்கு செமிகோலன். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி. கண்ணுக்கு அது தமிழ், என் காதுக்கு ஒன்றுமில்லை. அப்போது ஆளுக்கொரு எழுத்துரு. நாளிதழுக்கு ஒன்று, அரசு அலுவலகத்துக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியாயிற்று. தமிழ்நாடு அரசு அதைத் தர நிர்ணயமாக ஏற்றது 2010-இல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி. இடைப்பட்ட காலத்தில் தமிழில் கணினியில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி எங்களுக்கு ஜே கே பி ஓ-வாகவே போயிற்று. எழுத்துருச் சண்டை என்று அறிஞர்கள் அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது எங்களை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

சிம்பியன் வகை நோக்கியா போன்களில் டாக்ஸ் என்றொரு பேசும் மென்பொருள் போட்டுக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். உரிமத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அதுவும் அந்த ஒரு போனுக்குத்தான் செல்லும். 2006 தீபாவளி போனஸில் போட்டேன். ஆங்கிலம் மட்டும் பேசியது. நான்காம் நாள் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அக்கா மகள், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தாள். வெள்ளைக்காரக் குரல் கடித்துக் குதறி வாசித்தது. மூன்று தடவை கேட்ட பிறகு பிடிபட்டது: "சித்தி, நான் ஒருத்தர விரும்புறேன். அம்மாட்ட இப்ப சொல்லிராத."

அப்போது எனக்கு வயது 42. தோழிகளின் புள்ளிக் கடிதங்களை விட்டால், எழுதியவளுக்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லாமல் நான் படித்த முதல் கடிதம் அது. இவ்வளவு நாளும் கண் உள்ளவர் யாரும் எனக்கு ரகசியம் எழுதியதில்லை. எனக்கு எழுதினால் அது ரகசியமாக இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். போனைப் புடவைக் கொசுவத்தில் சொருகிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். அக்காவிடம் நான் சொல்லவில்லை. ஏழு மாதம் கழித்து மகளே அவளிடம் சொன்னாள். அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

அடுத்த வருடம், 2007-இல், பட்டனே இல்லாத போன் அமெரிக்காவில் வந்துவிட்டது என்று செய்தி. எங்கள் ஆட்கள் கூடும் இடங்களிலெல்லாம் அதே பேச்சு. வழவழவென்று கண்ணாடி, அதில் தடவ எதுவும் கிடையாது, இனி எல்லாப் போனும் இப்படித்தான் வரும் என்றார்கள். நான் கடைக்குப் போய் அப்படி ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். ஐந்தைத் தேடினேன். ஜன்னல் கண்ணாடியைத் தடவுவது போல் இருந்தது. அந்தச் சின்னப் புள்ளி போய்விட்டது என்று உறைத்தபோது, வேலை போனது போல வயிற்றுக்குள் ஏதோ செய்தது.

அந்தப் புள்ளியைத் திரும்ப வைத்தவர்களில் ஒருவர் டி.வி. ராமன். புனேயில் வளர்ந்தவர், 14 வயதில் கண் நீர் அழுத்த நோயால் பார்வை இழந்தவர். மும்பை ஐஐடி-யில் படித்து, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில், கணிதச் சமன்பாடுகளைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் முறையில் 1994-இல் முனைவர் பட்டம் வாங்கினார். 2005-இல் கூகுளுக்குப் போனார். அவரும் சார்லஸ் சென் என்ற இளைஞரும் சேர்ந்து கண்ணாடித் திரைக்கு ஒரு டயலர் செய்தார்கள். திரையில் ஐந்து எங்கே இருக்கிறது என்று நீங்கள் தேட வேண்டாம். உங்கள் விரல் முதலில் எங்கே விழுகிறதோ அதுதான் ஐந்து. அங்கிருந்து இடது மேல் மூலைக்கு இழுத்து விட்டால் ஒன்று, நேர் கீழே இழுத்தால் எட்டு, வலது கீழ் மூலைக்கு ஒன்பது. தப்பாகப் போட்டுவிட்டால் போனை ஒரு குலுக்குக் குலுக்கினால் கடைசி எண் அழிந்துவிடும்.

இதைக் கேள்விப்பட்டபோது எனக்குக் கண்ணீர் வந்தது. புள்ளியைத் தேடி விரல் போக வேண்டியதில்லை, விரல் விழுந்த இடத்துக்குப் புள்ளி வரும். பட்டனில் விரலை ஊன்றி வாழ்ந்த ஒருவருக்கல்லாமல் வேறு யாருக்கு இது தோன்றும்? அந்த டயலர் எல்லாப் போனிலும் நிலைக்கவில்லை. வேறு முறைகள் வந்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. ஆனாலும் கண்ணாடியைப் பார்த்து மிரள வேண்டாம் என்று எனக்குத் தைரியம் சொன்னது அதுதான்.

2009 ஜூனில் ஐபோன் 3ஜிஎஸ், திரையை வாசிக்கும் வாய்ஸ் ஓவரோடு வந்தது. தனியாக வாங்கிப் போட வேண்டியதில்லை, எல்லாருக்கும் விற்கும் அதே போனுக்குள் இருந்தது. செப்டம்பரில் ஆண்ட்ராய்டில் டாக்பேக் வந்தது. இந்த இரண்டின் அடிப்படையும் இப்போது ஒன்றுதான். கண் உள்ளவர் தொட்டால் திறக்கும். நாங்கள் தொட்டால், விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லும். அது வேண்டுமானால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், வேண்டாமென்றால் விரலை நகர்த்திக்கொண்டு போகலாம். தொடுவதையும் திறப்பதையும் பிரித்தது அவ்வளவு பெரிய காரியம். காய் வாங்குகிறவள் தொட்டுப் பார்த்துவிட்டுத்தானே கூடையில் போடுகிறாள்? ஆண்ட்ராய்டில் தொட்டுப் பார்க்கும் முறை 2011-இல் 4.0 பதிப்பில்தான் வந்தது. அதுவரை பட்டன் உள்ள போன்களில்தான் டாக்பேக் ஒழுங்காக ஓடியது. அந்தப் பதிப்பில் இன்னொன்றும் வைத்தார்கள். புதுப் போனை முதன்முதலாக உயிர்ப்பித்ததும், திரையில் இடது மேல் மூலையில் தொடங்கி ஒரு சதுரம் வரைந்தால் பேச ஆரம்பித்துவிடும். கடைக்காரரையோ தம்பியையோ கூப்பிட வேண்டாம். 2013-இல் நான் வாங்கிய போனில், அட்டைப் பெட்டியைப் பிரித்து மேஜை மேல் வைத்து அந்தச் சதுரத்தை வரைந்தது நான்தான். முதல் தடவை கோணலாகிவிட்டது. இரண்டாம் தடவை பேசியது.

தமிழ்க் குரல் அப்போதும் கரகரவென்றுதான் இருந்தது. ஈஸ்பீக்கின் தமிழ், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டுவது போல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழுவும், சென்னை ஐஐடி-யில் ஹேமா மூர்த்தி குழுவும் மனிதக் குரலுக்குப் பக்கத்தில் வரும் தமிழுக்காகப் பல வருடம் உழைத்தார்கள். நம் எழுத்தில் ஒரு 'க'தான். எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்து ஒலி மாறும். 'அக்கா'வில் ஒன்று, 'தங்கை'யில் ஒன்று, 'அகம்' என்பதில் ஒன்று. இதற்கு விதி சொல்லிக் கொடுத்துவிடலாம். 'பாவம்' என்று எழுதினால் என்ன செய்வது? செய்த பாவமா, நடனத்தில் வரும் பாவமா? படிக்கத் தெரிந்தவர் வாக்கியத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். இயந்திரம் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொன்னது, பரதநாட்டியக் கட்டுரை ஒன்றில் வரிக்கு வரி பாவம் செய்தார்கள் என்று கேட்டேன். இப்போது கூகுளின் தமிழ்க் குரல் தெளிவு. ஆனாலும் வேகமாகப் படிக்க வேண்டுமென்றால் நான் பழைய கூழாங்கல் குரலுக்குத்தான் போகிறேன். அழகான குரலை வேகப்படுத்தினால் சொற்கள் குழைந்துவிடும், அது குழையாது.

வாய்ஸ் ஓவரில் திரைச்சீலை என்று ஒரு வசதி உண்டு. மூன்று விரலால் மூன்று தட்டுத் தட்டினால் திரை இருண்டுவிடும், போன் வழக்கம்போல வேலை செய்யும். டாக்பேக்கிலும் இப்போது திரையை மறைக்கலாம். பஸ்ஸில் எட்டிப் பார்ப்பவருக்குக் கறுப்புக் கண்ணாடிதான் தெரியும். நான் வெளியே போகும்போது எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பேன். இந்த விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்திருப்பது கண் உள்ளவர்களுக்கும் கிடைக்காதது.

பணம் எண்ணுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய நோட்டுகளில் 50, 100, 500, 1000 என்று போகப் போக நீளம் 10 மில்லிமீட்டர் கூடும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே நோட்டைச் சொருகிப் பார்த்தால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதிலேயே தெரிந்துவிடும். 2016 நவம்பர் 8-க்குப் பிறகு வந்த வரிசையில் 100 ரூபாய் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. நாலு மில்லிமீட்டர் வித்தியாசம். கசங்கிய நோட்டில் அதை எந்த விரல் அளக்கும்? ஓரத்தில் புடைப்புக் கோடுகள் இருக்கின்றன. காய்கறிச் சந்தையில் பத்துக் கை மாறிய நோட்டில் அவை தேய்ந்துபோகின்றன. வங்கியில் வேலை பார்த்தவள் நான். ஆட்டோவுக்கு 100 என்று நினைத்து 500-ஐ நீட்டி, வீட்டுக்கு வந்து கணக்குப் பார்க்கும்போது தெரிந்துகொண்ட நாள் உண்டு. 2020 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி மணி என்ற செயலியை வெளியிட்டது. நோட்டைக் கேமராவுக்கு முன் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், மடித்திருந்தாலும் சொல்லும், இணையம் வேண்டாம். நல்லதுதான். நடுத்தெருவில் நின்று ஒரு கையில் கைத்தடி, ஒரு கையில் போன், மூன்றாவது கையில் நோட்டு என்று யாரால் பிடிக்க முடியும்? நோட்டை அச்சடிக்கும் முன்பே 10 மில்லிமீட்டரை விட்டுவைத்திருந்தால் செயலிக்கு வேலையே இருந்திருக்காது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் யோர்கன் விபெர்க், அவரும் பார்வை குறைந்தவர், 2015-இல் பி மை ஐஸ் என்ற செயலியைத் தொடங்கினார். அதில் அழைத்தால் முன்பின் தெரியாத ஒரு தொண்டர் வீடியோவில் வந்து, மருந்துப் பாட்டிலின் தேதியைப் பார்த்துச் சொல்வார். மனிதர்கள் மேல் நம்பிக்கை வரவைக்கும் செயலி. ஆனாலும் நான் அவசரத்துக்கு மட்டும்தான் அதைத் திறப்பேன். அது மறுபடியும் இன்னொருவர் கண். 2017-இல் மைக்ரோசாஃப்ட்டில் சாகிப் ஷேக், அவரும் பார்வையற்றவர், சீயிங் ஏஐ என்ற செயலியைக் கொண்டுவந்தபோது எனக்கு அதிக நெருக்கம் தோன்றியது. கேமரா பார்த்தது, போன் படித்தது, நான் கேட்டேன்.

கதவுகள் இன்னும் அடைத்தே கிடக்கின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் காலையில் "படம்" என்று போன் சொன்னது. காலை வணக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம்தான் தெரிந்தது, அது பெரியப்பாவின் இறப்புச் செய்தி. அச்சகத்தில் அடித்துப் படமாகப் போட்டிருக்கிறார்கள். அதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். நான் போய்ச் சேரவில்லை. படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்து வாசிக்கும் வசதி பிறகு வந்தது. இப்போது ஒரு படத்தையும் நான் விடுவதில்லை, மல்லிகைப்பூப் படம் என்று தெரிந்தாலும் வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகிறேன். கணக்குத் தொடங்க, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டு என்கிறது ஒரு செயலி. சிமிட்ட எனக்கு என்ன இருக்கிறது? 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளைப் போட்டது. அந்தத் தீர்ப்பு முழுவதையும் நானே உட்கார்ந்து படித்தேன். யாரையும் வாசிக்கச் சொல்லவில்லை.

போன வருடம் பணி ஓய்வு பெற்றேன். நேரம் கிடைத்தது. தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. கையெழுத்துத் தமிழையும் இப்போது போன் ஓரளவு வாசித்துவிடும். ஆனால் அந்தப் படம் எங்கோ ஒரு கணினிக்குப் போய்த்தான் வாசிக்கப்பட்டுத் திரும்புகிறது என்பது எனக்குத் தெரியும். ஒரு வாரம் யோசித்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு 31 கடிதங்களையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் படம் எடுத்தேன். மடிப்பில் கிழிந்த இடங்களில் போன் தடுமாறியது. 'கம்மம்புல்'லை என்னென்னவோ சொன்னது.

வார்டன் அம்மா எதையோ விட்டுவிட்டு வாசித்திருப்பார் என்று நாற்பது வருடமாக எனக்குள் ஒரு சந்தேகம். அம்மா எனக்கென்று சொல்லியிருப்பாள், நேரமில்லாமல் அவர் தாண்டிப் போயிருப்பார் என்று. அப்படி எதுவும் இல்லை. மழை, கம்மம்புல், ஆடு குட்டி போட்டது, அண்ணனுக்குக் காய்ச்சல், நன்றாகப் படி, டீச்சர் சொன்னபடி கேள். சாப்பாட்டுக் கூடத்தில் கேட்டதுதான் எல்லாம். ஒரு வரி கூடுதலாக இல்லை.

அம்மாவுக்கு இப்போது 84 வயது. கோவில்பட்டியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அன்று ராத்திரி கூப்பிட்டேன்.

"அம்மா, நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப என்கிட்ட கேக்கணும்னு நெனச்சு, லெட்டர்ல எழுதச் சொல்லாம விட்டது எதாவது உண்டா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மின்விசிறி ஓடுவது கேட்டது.

"அந்தப் பயகிட்ட எப்படிட்டி சொல்லி எழுதச் சொல்லுவேன்," என்றாள். "நீ பெரிய மனுஷி ஆன அன்னைக்கு ஒம் பக்கத்துல யாருட்டி இருந்தா?"

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.